ஹார்ன் அடித்ததா?

ஜெனோவா: நஷ்டஈட்டுக் கையெழுத்துன்னா வேண்டாம். போன வாட்டி வந்தவுககிட்டயும் அதத்தான் சொன்னேன்.

ஜெப்ஸி: கையெழுத்து வாங்க வரலக்கா.

ஜெனோவா: பின்ன எதுக்கு? சட்டையில கம்பெனி பேரு போட்டிருக்கு. கம்பெனிக்காரங்க சும்மா வந்து பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன மாதா கோயிலா?

ஜெப்ஸி: கம்பெனிக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். நான் ஜெப்ஸி. நாசரேத்து. பெனிஸ்டன் அண்ணன் வள்ளத்துல காத்துப் பெட்டி மாட்டுனப்ப கூட வந்தேன்லா... அந்த...

ஜெனோவா: வாந்தி எடுத்த பிள்ள.

ஜெப்ஸி: ...ஆமா.

ஜெனோவா: தெரியுது. அவுக அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. 'கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள, கரைய விட்டு நவுரல, காலையில தின்ன இட்லி அம்புட்டையும் மீனுக்குப் போட்டுட்டு'ன்னு. சாப்பிடையிலயும் சிரிப்பு... சரி, வா. இங்கன குசினிக்கே வந்துரு. கையெல்லாம் சாளை மீன் நாத்தம். என்னால முன்னால வந்து உக்கார முடியாது.

ஜெப்ஸி: பாப்பா இல்லையா?

ஜெனோவா: பள்ளிக்கூடம் போயிருக்கா. அந்த ஸ்டூலுல இரு. பாத்து, ஒரு கால் ஆடும். சொல்லு, என்ன சோலி?

ஜெப்ஸி: நாளைக்குக் கோர்ட்டு.

ஜெனோவா: தெரியும்.

ஜெப்ஸி: கஸ்பார் அண்ணன்...

ஜெனோவா: அந்தப் பேர இந்த வீட்டுல எடுக்காத.

ஜெப்ஸி: ஒங்க கூடப் பொறந்த அண்ணன்லாக்கா.

ஜெனோவா: அதனாலதான் சொல்லுதேன். முத்துக் குளிச்ச காலத்துலயே குளியாளுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கணும்னு வச்சிருந்தாக. எதுக்கு? கூடப் பொறந்தவ தாலி போயிரக் கூடாதேன்னு கண்ண இமைக்காம இருப்பான்னுதான். இப்ப முத்து இல்ல, சங்குதான். மூச்சப் பிடிச்சுக்கிட்டு முங்குறது போயி கம்ப்ரசரும் ஓசும் வந்திருக்கு. ஆனாலும் மச்சான்தான மேல இருக்கான்? அவன் கண்ண மூடிட்டான்.

ஜெப்ஸி: மூடலக்கா.

ஜெனோவா: என்னது?

ஜெப்ஸி: உறங்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்.

ஜெனோவா: ஸ்டேஷன்ல அவனே எழுதிக் குடுத்திருக்கான், 'உறங்கிட்டேன்'னு. அவனே சொன்னத நீ இல்லைங்கியா?

ஜெப்ஸி: ஆமா. நான் கேள்விப்பட்டத முழுசாச் சொல்லுதேன். தப்புன்னா திருத்துங்க.

ஜெனோவா: நான் என்னத்தத் திருத்த? நான் கரையில கெடந்தவ.

ஜெப்ஸி: அன்னைக்கு வள்ளத்துல ரெண்டே பேரு. பெனிஸ்டன் அண்ணன் கீழ சங்கு பாத்துக்கிட்டு இருக்காக. கஸ்பார் அண்ணன் மேல கயித்தப் பிடிச்சுக்கிட்டு; கீழ ஆபத்துன்னா கயித்த ஆட்டணும். ஓஸ் வழியாக் காத்து கீழ போகுது. கம்ப்ரசர் பக்கத்துல ஓசோட மூட்டு கழண்டுட்டு. காத்து பூராவும் வெளிய போகுது, கம்ப்ரசர் அது பாட்டுக்கு ஓடுது. அந்த நேரத்துக்குத்தான் எங்க பெட்டி. காத்து கொறைஞ்ச உடனே ஹார்ன் அடிக்கணும். கஸ்பார் அண்ணன் குதிச்சுத் தூக்கிட்டு வரையில...

ஜெனோவா: சரி, சரி. அத விடு.

ஜெப்ஸி: திரேஸ்புரம் கரையில வந்து எறங்குனதும் அண்ணன் சொன்ன மொத வார்த்தையே 'ஹார்ன் அடிக்கல'ங்கிறதுதான். கரையில நின்ன எல்லாரும் கேட்டிருக்காக.

ஜெனோவா: கேட்டாக. அப்புறம் ஒங்க பெட்டி வேற மாதிரில்லா சொல்லிச்சு?

ஜெப்ஸி: ஆமா. போலீசு பெட்டிய எங்க ஆபீசுக்கு அனுப்பி ரிப்போர்ட் கேட்டாங்க. 'ஹார்ன் அடிச்சிருக்கு'ன்னு எங்க ஆளுங்க எழுதிக் குடுத்துட்டாங்க. அதக் கொண்டு போயி அண்ணன்கிட்ட கேட்டிருக்காங்க. ஹார்ன் அடிச்சும் நீ பாக்கல, அப்ப நீ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தன்னு. அதுக்கப்புறம்தான் 'உறங்கிட்டேன்'னு சொல்லியிருக்காக. அது வரைக்கும் அந்த வார்த்த வரவே இல்ல.

ஜெனோவா: மாட்டிக்கிட்டான், ஒத்துக்கிட்டான்.

ஜெப்ஸி: பெட்டி சொன்னது தப்புக்கா. ஹார்ன் அடிக்கல.

ஜெனோவா: மிஷின் பொய் சொல்லுமா?

ஜெப்ஸி: பொய் சொல்லல. அது சொன்னத நாங்க தப்பா வாங்கியிருக்கோம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. பெட்டிக்குள்ள ஒரு புரோகிராம் இருக்கு. காத்து கொறைஞ்சிட்டுன்னு அதுக்குத் தெரியும். ஆனா நேரா ஹார்னத் தொட அதுக்கு அனுமதி கெடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு. ஹார்ன், பேட்டரி, எல்லாம் அது கையிலதான். அதுகிட்டதான் கேக்கணும், 'ஹார்ன அடிச்சுக் குடு'ன்னு. அப்படிக் கேக்குறதுக்குப் பேரு சிஸ்டம் கால்.

ஜெனோவா: தாலுகா ஆபீசுல மனு குடுக்குற மாதிரில்லா சொல்லுத.

ஜெப்ஸி: அப்படியே வச்சுக்கோங்க. மனு உள்ள போகும். வேலை முடிஞ்சா பதில் வெளிய வரும். ஏதும் கோளாறுன்னா நாங்க பாக்கணும்லா? அதுக்காக இன்னொரு புரோகிராம் பக்கத்துலயே நின்னு வேவு பாக்கும். டீபக்கர்னு சொல்லுவோம். மனு உள்ள போறப்ப ஒரு தடவ, பதில் வெளிய வாரப்ப ஒரு தடவ, சிஸ்டம் எல்லாத்தையும் நிறுத்தி டீபக்கருக்குக் காட்டும். அது பாத்து எழுதி வச்சுக்கிடும்.

ஜெனோவா: சரி.

ஜெப்ஸி: அந்த ஏற்பாட்டுல ஒரு ஓட்டை. 'நிறுத்தியிருக்கேன், பாத்துக்கோ'ன்னு மட்டும்தான் சிஸ்டம் சொல்லும். இது உள்ள போறப்ப நிறுத்துனதா, வெளிய வாரப்ப நிறுத்துனதான்னு சொல்லாது. டீபக்கர்தான் தானா எண்ணிக்கிடணும். இது போறது, அடுத்தது வாரது, அடுத்தது போறது...

ஜெனோவா: எண்ணிக்க தப்புனா?

ஜெப்ஸி: அதேதான். ஒண்ணு தப்புனாப் போதும், அதுக்குப் பொறவு எல்லாமே தலைகீழ். கேட்டதக் கெடச்சதுன்னு எழுதும். ஒங்க வள்ளத்துப் பெட்டியில டீபக்கர் வேலைய ஆரம்பிக்கையில, ஹார்ன் அடிக்கச் சொல்லுற புரோகிராம் ஏற்கெனவே வேற ஒரு மனுவக் குடுத்துட்டுப் பதிலுக்கு நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அந்தப் பதில்தான் மொதல்ல வந்திருக்கு. டீபக்கர் அத மனுன்னு எண்ணிருச்சு. அன்னைக்குப் பூராவும் அப்படியே ஓடியிருக்கு.

ஜெனோவா: ஒருத்தருமே பாக்கலையா?

ஜெப்ஸி: பாத்தாத் தெரியாதுக்கா. ஹார்ன் வரியில 'பதில்: நாலு'ன்னு இருக்கு. நாலுன்னா, கட்டளையோட நாலு எழுத்தும் ஹார்னுக்குப் போயிட்டு, நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்க ஆளுங்க அதப் பாத்துத்தான் எழுதிக் குடுத்தாங்க. ஆனா அந்தப் பெட்டியில ஹார்னோட நம்பரே நாலுதான். 'நாலாம் நம்பர அடி'ன்னு போன மனுவுல இருந்த நாலு அது. பதில் எழுத வேண்டிய எடமும், மனுவுல மொதல்ல எழுதுற எடமும் அந்தச் சிப்புல ஒண்ணுதான். அதனால யாருக்கும் சந்தேகம் வரல.

ஜெனோவா: அப்ப பதில்?

ஜெப்ஸி: வரவே இல்ல. ஹார்ன் பக்கத்து போர்டுல உப்பு ஏறிக் கெடந்துச்சு. சிஸ்டம் ஹார்னுக்காகக் காத்துக்கிட்டே நின்னுருக்கு. புரோகிராம் சிஸ்டத்துக்காகக் காத்துக்கிட்டு நின்னுருக்கு. அப்படியே நின்னு போச்சு.

ஜெனோவா: ...அந்த சட்டியக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளு.

ஜெப்ஸி: நான் ஒரு வருசமா இந்த வேலையிலதான் கெடக்கேன்க்கா. டீபக்கர் எண்ண வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது, சிஸ்டமே சொல்லிரணும். இது போறது, இன்னது கேட்டான். இது வாரது, இன்ன பதில். எந்தச் சிப்பா இருந்தாலும் ஒரே மாதிரி. அப்படி ஒரு புது வழி எழுதிக்கிட்டு இருக்கேன். எங்க ஆபீசுல தாணுலிங்கம்னு ஒரு சீனியர். அவரு சிரிச்சாரு. இத்தன வருசமா எண்ணித்தான ஓட்டுதோம், இது எதுக்கு வேண்டாத வேலைன்னாரு. போன வாரம் ஒங்க பெட்டியவே எடுத்து வச்சு, ஹார்ன் போர்டத் தொடைக்காம அப்படியே மாட்டி, புதுசுல ஓட்டிப் பாத்தேன். கடைசி வரி 'போறது'. அதுக்குக் கீழ பதில்னு ஒண்ணுமில்ல.

ஜெனோவா: அந்தச் சீனியர் என்ன சொன்னாரு?

ஜெப்ஸி: ஸ்கிரீனப் பாத்துட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. நான் முதலாளி நேசக்குமார் சார்கிட்ட போனேன். கேட்டாரு. நல்லாவே கேட்டாரு. 'புதுசு அடுத்த பெட்டியில வரட்டும்மா. குடுத்த ரிப்போர்ட்டுல கை வைக்காத. அந்த ஆளே உறங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டான், நாம எதுக்குத் தோண்டணும்'னாரு.

ஜெனோவா: நீ தோண்டுத.

ஜெப்ஸி: தோண்டிட்டேன். அண்ணனுக்கு வாதாடுற வக்கீல் முத்துமாரி மேடத்துகிட்ட எல்லாத்தையும் குடுத்துட்டேன். இன்னைக்குக் காலையில என் சீட்டுல வேற பிள்ள இருக்கா.

ஜெனோவா: ஏளா...

ஜெப்ஸி: அது கெடக்கட்டும். முத்துமாரி மேடம் என்ன சொல்லுதாங்கன்னா, இது போதாதாம். கம்பெனி சீல் போட்ட ரிப்போர்ட் ஒரு பக்கம், வேலைய விட்டு அனுப்புன பொம்பளப் பிள்ள பேச்சு ஒரு பக்கம். அதுக்கும் மேல, குத்தம் சாட்டப்பட்டவரே 'நான் உறங்கிட்டேன், தண்டனையக் குடுங்க'ன்னு நிக்காரு. அவரு நாளைக்கு வாயத் தொறந்து குத்தத்த ஒத்துக்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுங்காங்க.

ஜெனோவா: அப்ப அவன்கிட்டல்லா போயிருக்கணும்.

ஜெப்ஸி: போனேன். நேத்துப் போனேன். வீட்டுல இல்ல. ஜாமீன்ல வந்ததுலேருந்து ஐஸ் கம்பெனி பின்னால, வலை போட்டு வைக்கிற கொட்டகையில கெடக்காக. எடுத்துச் சொன்னேன். காகிதத்தக் காட்டுனேன். வாசிக்கல. நாலா மடிச்சு என் கையிலயே குடுத்தாக. அப்பத்தான் உள்ளங்கையப் பாத்தேன். ரெண்டு கையிலயும் தோலே இல்ல. ஓசப் பிடிச்சு இழுத்ததுல உரிஞ்சது. உறங்குனவன் கை இப்படியா இருக்கும்னு கேட்டேன்.

ஜெனோவா: என்ன சொன்னான்?

ஜெப்ஸி: கைய மடக்கி ஒளிச்சுக்கிட்டாக.

ஜெனோவா: மருந்து போட்டிருக்கானா?

ஜெப்ஸி: இல்ல.

ஜெனோவா: ...சாப்பிடுதானா?

ஜெப்ஸி: பக்கத்துல நின்னவுக சொன்னாக, டீ மட்டும்தானாம்.

ஜெனோவா: அவன் அப்படித்தான். எங்க அப்பா செத்தப்பவும் இப்படித்தான் கெடந்தான். நாந்தான் கொண்டு போயி ஊட்டி விட்டேன்... என்னைய எதுக்குப் பேச வைக்க நீ? போ. சொல்லிட்டேல்லா, கெளம்பு.

ஜெப்ஸி: இன்னும் ஒண்ணு இருக்குக்கா.

ஜெனோவா: அடக்கத்தன்னைக்கு கல்லறை வாசல்ல நின்னான், தெரியுமா? உள்ள வராதன்னேன். ஊரே பாத்துக்கிட்டு நிக்கி. 'எம்புருசனக் கொன்ன கையி, மண்ணு அள்ளிப் போடக் கூடாது'ன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே வெளிய போனான். ஒரு வார்த்த பேசியிருக்கலாம்லா? கோவப்பட்டாவது...

ஜெப்ஸி: அதத்தான் நானும் கேட்டேன். தங்கச்சிகிட்டயாவது போயிச் சொல்லுங்க, ஹார்ன் அடிக்கலன்னு, அவுக நம்புவாகன்னேன். சட்டுன்னு என்னையப் பாத்தாக. 'நீயும் போயிராத தாயி. என்ன வேணும்னாலும் பண்ணு, அவகிட்ட மட்டும் போயிராத. அவ எம்மேல கோவமா இருக்கா. அந்தக் கோவம் அவளுக்கு வேணும்'னாக.

ஜெனோவா: அப்படியா சொன்னான்?

ஜெப்ஸி: இதே வார்த்த. எனக்கு வெளங்கல. நேத்துலேருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஹார்ன் அடிக்கலன்னா அவுக மேல தப்பே இல்ல. தப்பில்லாதவரு எதுக்கு உறங்குனேன்னு சொல்லணும்? எதையோ மூடி வைக்காக. உறங்கிட்டேன்னு சொல்லிட்டா அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க பாருங்க...

ஜெனோவா: நீ கேக்கியே.

ஜெப்ஸி: பழக்கம்க்கா. பதில் வராத எடத்துல நின்னு பாக்குறதுதான் என் சோலி.

ஜெனோவா: அந்த வேலையத்தான் பிடுங்கிட்டாங்களே. எங்க அம்மா ஒன்னயப் பாத்திருந்தா 'அறுத்த மீனுக்கு மறுபடியும் செதில் எடுக்கிறா'ன்னு சொல்லியிருப்பா... சாளை திங்க மாட்டியோ? நாசரேத்துக்காரிக்கு முள்ளுன்னா பயமா இருக்கும்.

ஜெப்ஸி: திம்பேன்.

ஜெனோவா: இரு. ரெண்டு பொரிச்சுத் தாரேன். மொகம் வாடிக் கெடக்கு.

ஜெப்ஸி: வேண்டாம்க்கா. முத்துமாரி மேடம் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. கடைசியா ஒரு முயற்சி பண்ணுதாங்க. அந்த நேரத்துல பக்கத்துல வேற வள்ளம் எதுவும் நின்னுச்சான்னு தேடுனாங்க. ஹார்ன் அடிக்கலன்னு சொல்ல ஒரு மனுசக் காது வேணும்ங்காங்க. ஒரே ஒரு காது. அந்த நேரம் ஒருத்தரும் இல்லையாம்.

ஜெனோவா: இல்ல.

ஜெப்ஸி: அதுவுமில்லாம கம்பெனி வக்கீல் புதுசா ஒண்ணு சொல்லப் போறாராம். ஹார்ன் அடிச்சுதாம், ஆனா கம்ப்ரசர் எரைச்சல்ல கேக்காம இருந்திருக்குமாம். அப்ப பெட்டி மேலயும் தப்பில்லன்னு ஆயிரும்லா.

ஜெனோவா: கம்ப்ரசர் எரைச்சலா? அந்த ஹார்ன நீங்க மாட்டுன அன்னைக்கு இங்கன தெருவுல வச்சு அடிச்சுக் காட்டுனிய. தொட்டில்ல கெடந்த அடுத்த வீட்டுப் பிள்ள அலறிட்டு. அதையா அந்த எரைச்சல் அமுக்கும்? அன்னைக்கு எரைஞ்சது பெரிய எரைச்சலே இல்ல. கடல் காத்தும் கெடையாது. பேசுனது தெளிவாத்தான் இருந்துச்சு. ஹார்ன் அடிச்சிருந்தா காதக் கிழிச்சிருக்கும். அடிக்கல. என்ன அப்படிப் பாக்க?

ஜெப்ஸி: அக்கா. நீங்க கரையிலலா இருந்திய?

ஜெனோவா: ...ஆமா.

ஜெப்ஸி: அங்க எரைச்சல் இல்லன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?... அக்கா, கத்திய வைங்க. கைய அறுத்துக்கிட்டிய.

ஜெனோவா: ஒண்ணுமில்ல. செதிலு.

ஜெப்ஸி: ரத்தம்க்கா. இந்தாங்க, இதச் சுத்துங்க... எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கேக்கல. நான் போறேன்.

ஜெனோவா: இரு. அவன் கொட்டகைக்குள்ள அப்படியே கெடந்தான்னா செத்துருவான், இல்லையா?

ஜெப்ஸி: எனக்குத் தெரியலக்கா. ஆனா நாளைக்கு ஒத்துக்கிட்டாகன்னா, பொறவு யாரு வந்து என்ன சொன்னாலும் ஒண்ணும் நடக்காது.

ஜெனோவா: ஒங்க வக்கீலம்மாட்ட போயிச் சொல்லு, ஒரு காது இருக்குன்னு. நாளைக்கு நான் வாரேன்.

ஜெப்ஸி: என்னன்னு கேப்பாங்களேக்கா. வள்ளத்துல இல்லாத நீங்க, ஹார்ன் அடிக்கலங்கிறது எப்படித் தெரியும்னு.

ஜெனோவா: அந்த நேரம் அவன் போன்ல பேசிக்கிட்டு இருந்தது எங்கூடத்தான். முட்டு வலின்னு அவுக ரெண்டு நாளா உறங்கல, அப்படிப்பட்டவுகள எறக்கி விட்டிருக்கியேன்னு ஏசுனேன். இனிமே அவுகள முங்க விட மாட்டேன்னு சொல்லுன்னேன். 'சரிளா, கயிறு ஆடுது, போன வையி'ன்னான். மாதா மேல சத்தியம் பண்ணிட்டு வையின்னேன்... பண்ணுனான். முழுசாப் பண்ணிட்டுத்தான் வச்சான்.